இடது காதில் உண்ணி இல்லை

புற ஒட்டுண்ணி ஒழிப்பு வாரியத்தின் தலைமையகம் நான்கு மாடிகளைக் கொண்டது. ஆட்டின் உடலில் குடியிருக்கும் உயிர்களை வாரியம் நான்காகப் பகுத்திருந்ததே அதற்குக் காரணம். முதல் மாடியில் உண்ணிப் பிரிவு. இரண்டாம் மாடியில் பேன் பிரிவு. மூன்றாம் மாடியில் தெள்ளுப்பூச்சிப் பிரிவு. நான்காம் மாடியில் சொறிப் பிரிவு. இந்தப் பகுப்பு ஆடுகளுக்கு முறையாகத் தெரிவிக்கப்படாததால், அவை நான்கையும் ஒரே தோலில் சுமந்து திரிந்தன.

அந்தப் படிகளில் ஒரு நாள் காலை, ஒரு செம்மறியைக் கயிற்றில் பிடித்தபடி அக்காள் ஏறினாள்.

அக்காள் என்பது அவள் பெயரன்று. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அவளை அக்கா என்றே அழைத்தனர். பால்காரர் அழைத்தார், மயிர் கத்தரிப்பவர் அழைத்தார், ஊரே அழைத்தது. அந்தச் சொல்லுக்குப் பிறப்பால் உரிமை பெற்றவன் ஒருவன்தான். பெற்றோர் போனபின் அவள் இடுப்பிலும் தோளிலும் சுமந்து வளர்த்த தம்பி அவன். அவன் படித்தான், தேர்ந்தான், இந்த வாரியத்திலேயே கள ஆய்வாளர் ஆனான். வாரியத்தின் மீது அக்காளுக்கு இருந்த நம்பிக்கை வாரியம் சம்பாதித்ததன்று. அது தம்பிக்கு உரியது. வாரியம் அதை இரவல் வாங்கிக்கொண்டிருந்தது.

அவளிடம் அப்போது இருந்தவை இருபத்தாறு உருப்படிகள். அவற்றுள் ஏழு குட்டிகள். முந்திய வாரம் ஒன்பதாக இருந்தவை. அவள் எஞ்சிய குட்டிகளின் கண்ணிமையைக் கவிழ்த்துப் பார்த்திருந்தாள். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெளுத்திருந்தது. உண்ணிகள் இரத்தத்தைக் குடித்துவிட்டன. மழை தொடங்குமுன் மந்தை முழுவதற்கும் ஒரு மருந்துக் குளியல் கிடைத்தால் ஏழும் பிழைக்கும். கிடைக்காவிட்டால் பிழைக்காது. அவள் கேட்க வந்தது இவ்வளவே.

முதல் மாடி எழுத்தர் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆட்டு மேல இருக்கிற உண்ணியா, கீழே விழுந்த உண்ணியா?"

"மேலதாங்க இருந்துச்சு. இப்பதான் உங்க மேசையில விழுந்துச்சு, பாருங்க."

எழுத்தர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "விழுந்துருச்சுன்னா அது நிலப் பிரிவும்மா. ரத்தம் குடிக்கிற வரைக்கும்தான் எங்க பொறுப்பு. குடிச்சு முடிச்சு இறங்கிட்டா எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது."

இரண்டாம் மாடியில், "கடிக்கிற பேனா, உறிஞ்சுற பேனா?" என்று கேட்டார்கள். "அது என்கிட்ட சொல்லிட்டா செய்யுது?" என்றாள் அக்காள். இவ்விடையை ஏற்பதற்குப் படிவத்தில் இடமில்லை. மூன்றாம் மாடியில் அலுவலர் விடுப்பில் இருந்தார். நான்காம் மாடியில் சொறியைப் பார்த்தார்கள். மிக நன்றாகப் பார்த்தார்கள்.

"இந்தப் பூச்சி தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். எங்க வாரியம் வெளியில இருக்கிறதுக்கு. உள்ளே போனதுக்கு வேற வாரியம், எதிர்க் கட்டடம்."

எதிர்க் கட்டடத்தில் ஒருவர் பரிவோடு பேசினார். "தோல் வரைக்கும்தானேம்மா போயிருக்கு? குடல் வரைக்கும் வரட்டும். வந்தா நாங்க விடமாட்டோம்."

மாலையில் அக்காள் வீடு திரும்பியபோது அவள் கணவர் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கொத்தனார். ஊர் எல்லையில் வாரியம் கட்டுவித்த மருந்துக் குளிப்புத் தொட்டியைக் கட்டியவரும் அவரே. அத்தொட்டி திறக்கப்பட்டு இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அதில் இன்னும் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றப்படவில்லை.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே. தண்ணி வெளிய போக வழி வைக்கலையேன்னு கேட்டேன். வந்தாத்தானே போகும்னு சொன்னாங்க. அப்பவே எனக்கு விளங்கிடுச்சு."

"என் தம்பி இருக்கான். அவன் பார்த்துக்குவான்."

"உன் தம்பி கழுதைக்குக் கொம்பு முளைச்சிருக்குன்னு சொன்னா, நீ போய்த் தடவிப் பார்ப்ப."

"உங்களுக்கு எங்க பக்கத்து ஆளுன்னாலே ஆகாது."

"கல்யாணத்துல இருந்து ஆகலை. இப்ப புதுசா சொல்ற."

அவள் நம்பிக்கை பொய்க்கவில்லை என்று காட்டுவதுபோல் மறுநாளே தம்பி வந்தான். சட்டைப்பையில் வாரியத்தின் அடையாள அட்டை, முகத்தில் நற்செய்தி.

"அக்கா, கணக்கெடுப்பு வருது. தலைவரே நேர்ல வர்றாரு. தொட்டியில மருந்து ஊத்தணும்னா அவர் கையெழுத்து வேணும்."

"ஆட்டைப் பார்த்த உடனே போட்டுடுவாருடா. "

"அதான் கூடாது. அழுக்கும் உண்ணியுமா கொண்டுபோய் நிறுத்தினா முகத்தைச் சுளிச்சுட்டுப் போயிடுவாரு. நம்மளை என்ன நினைப்பாரு? முழுசா முடியலைன்னாலும் காதை மட்டுமாவது சுத்தம் பண்ணி வை. இடது காதை."

"அது ஏன் இடது?"

"அவர் அந்தப் பக்கம்தான் நிப்பாரு." தம்பி குரலைத் தாழ்த்தினான். "எல்லாருக்கும் சொல்லிடு அக்கா. நான் சொன்னா ஆபீசர் உத்தரவு போட்ட மாதிரி இருக்கும். நீ சொன்னா கேப்பாங்க."

அவள் சொன்னாள், அவர்கள் கேட்டார்கள். அந்த ஊர் மக்கள் நோயாளிப் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போதும் முகம் கழுவி, தலை வாரி, நல்ல சட்டை போட்டு அழைத்துச் செல்பவர்கள். விருந்தினர் முன் உண்ணியோடு ஆட்டை நிறுத்துவது, கிழிந்த பாயை விரித்துவிட்டு உட்காரச் சொல்வதைப் போன்றது. எனவே கணக்கெடுப்பு நாளன்று விடியற்பொழுதிலேயே வீட்டுக்கு வீடு ஆடுகளைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, இடது காதின் மடிப்புகளில் விரலை விட்டு, ஒவ்வோர் உண்ணியாகத் திருகி எடுத்து மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டார்கள். அக்காளின் நகக்கண்ணில் இரத்தம் கட்டியது. பொழுது ஏறுவதற்குள் நூற்றுக்கணக்கான ஆடுகளின் இடது காதுகள் புதுத்துணி போல் விளங்கின.

தலைவர் வந்தார். அவருக்குப் பின்னால் உருப்பெருக்கியைச் சுமக்க ஒருவர், உருப்பெருக்கியின் உறையைச் சுமக்க ஒருவர், எழுத இருவர். தலைவர் குனிந்தார், காதைப் பிரித்தார், நிமிர்ந்தார்.

"இடது காது. சுழியம்."

"சுழியம்," என்றார் முதல் எழுத்தர்.

"சுழியம்," என்று உறுதிப்படுத்தினார் இரண்டாம் எழுத்தர்.

இருபத்தாறு முறை இது நடந்தது. அக்காளுக்கு உள்ளூர ஏதோ உறுத்தியது. அவள் ஒரு பெட்டையின் பின்புறத்தைத் திருப்பினாள். வாலடியில், மடியோரத்தில், தொடையிடுக்கில், ஊறவைத்த பயறு போல் உப்பிய உண்ணிகள் இடைவெளியின்றி ஒட்டியிருந்தன.

"ஐயா, வாலைத் தூக்கிப் பாருங்கய்யா. காதுல நாங்க எடுத்துட்டோம். இங்கதான்..."

தலைவர் புன்னகைத்தார். "அம்மா, நாங்க அறிவியல் முறைப்படி வந்திருக்கோம். இடது காதுல எத்தனையோ, அதை வெச்சு மொத்த உடம்புக்கும் கணக்குப் போடுவோம். வாலைத் தூக்கிப் பார்க்கிறதெல்லாம் பழைய காலத்து முறை."

சுழியத்தை எதனால் பெருக்கினாலும் என்ன வரும் என்பதை வாரியத்தின் கணிதப் பிரிவு பத்து நாட்கள் ஆராய்ந்தது. பதினோராம் நாள் ஊர் எல்லையில் ஒரு பலகை நடப்பட்டது. 'ஒட்டுண்ணி இல்லா மண்டலம்.' தொட்டியின் வாயிலுக்கும் ஒரு பலகை கிடைத்தது. 'தேவை நீங்கியதால் மூடப்பட்டது.' இம்மாபெரும் வெற்றிக்குக் களத்தில் உழைத்த ஆய்வாளர் துணை இயக்குநராக உயர்த்தப்பட்டார். அந்த வாரத்தில் அக்காளின் குட்டிகளில் மூன்று, பால் குடிக்கத் தலை தூக்க வலுவின்றிப் படுத்தவாறே இறந்தன. மழைக்கு இன்னும் பத்து நாட்களே இருந்தன.

பால்காரர் வேலியோரம் வந்து நின்றார். அவருக்கு மூன்றே ஆடுகள்.

"நீ சொல்லித்தானேக்கா காதைத் துடைச்சோம்?"

"எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமாத் தெரியாது."

"உனக்குத் தெரியாது, சரி. உன் தம்பிக்குமா தெரியாது?"

அவள் அதைத்தான் கேட்கப் போனாள். துணை இயக்குநரின் அறையில் புது வண்ணப்பூச்சின் மணம் நிறைந்திருந்தது. மேசைக் கண்ணாடியின் கீழ் கணக்கெடுப்புப் படிவத்தின் நகல் ஒன்று கிடந்தது. தலைப்பிலேயே கொட்டை எழுத்தில், 'ஆய்வுக்குரிய இடம்: இடது காது மட்டும்.' அச்சிட்ட தேதி, அவன் அவள் வீட்டுக்கு வந்த நாளுக்கு இரண்டு மாதம் முந்தியது. அக்காள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு மறுபடியும் படித்தாள்.

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

அவன் பேனாவைத் திறந்தான், மூடினான். "மேல இருந்து நெருக்குனாங்க அக்கா. ஒரு மண்டலமாவது இந்த வருஷம் காட்டியாகணும்னாங்க. வேற யாரையாவது வெச்சு செஞ்சிருப்பாங்க. நான்னா நம்ம ஊருக்கு நல்ல பேராவது கிடைக்கும்."

"பேரை வெச்சு நான் குட்டிக்குப் பாலா ஊட்ட முடியும்? மருந்தைக் குடுடா."

"உண்ணி இல்லாத இடத்துக்கு எப்படி அக்கா மருந்து குடுக்க முடியும்? சட்டம் இருக்குல்ல? ஒரு வருஷம் பொறுத்துக்கோ. அடுத்த கணக்கெடுப்புல பார்த்துக்கலாம்."

"ஒரு வாரம் பொறுக்காதுடா குட்டிங்க."

"சத்தமாப் பேசாத." அவன் எழுந்து கதவைச் சாத்தினான். "இன்னொண்ணு சொல்றேன் கேளு. மண்டலத்துல உண்ணியோட ஆடு இருந்தா, வெளிய இருந்து கொண்டுவந்ததாத்தான் அர்த்தம். பிடிச்சு எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுடுவாங்க. அதனால வாயைத் திறக்காம இரு. அடுத்த திங்கள் விழா இருக்கு. முன்மாதிரி மந்தைக்காரின்னு உனக்குத்தான் பாராட்டுப் பத்திரம். நானே பேரைச் சேர்த்தேன். ரெண்டு வரி எழுதித் தர்றேன், அதைப் படிச்சுட்டு இறங்கிடு."

தனக்கு அவன் செய்த கேட்டினும், அக்கேட்டிற்குப் பரிசாக அவன் நீட்டிய பத்திரமே அவளைச் சுட்டது. ஆனால் அவள் அதை வாங்கிக்கொள்வதாகத் தலையசைத்தாள். பேச ஒரு மேடை வேண்டியிருந்தது.

விழாத் திடலில் பந்தல் இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, உண்ணியின் உருவம் வரைந்து குறுக்கே கோடிட்ட பெரிய துணி இருந்தது. தலைவர் ஒலிவாங்கியைப் பற்றினார்.

"பெருமக்களே! உண்ணியை ஒழிக்க உலகம் மருந்தைத் தேடியது. நாமோ, உண்ணியைத் தேடுவதை நிறுத்தினோம். நிறுத்திய அன்றே அது மறைந்தது! ஒரு சொட்டு மருந்து சிந்தினோமா? இல்லை! ஓர் ஆட்டையாவது நனைத்தோமா? இல்லை! மருந்தின்றி, நீரின்றி, ஆட்டையே தொடாமல் நோயை வென்ற வாரியம் வேறு எங்கேனும் உண்டா? உண்ணிதான் ஒழிந்ததே, வாரியம் எதற்கு என்று கேட்கும் குறும்புக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வேன்: இருந்த உண்ணியைக் கவனிக்க நாற்பது பேர் போதுமானவர்களாக இருந்தோம். இல்லாத உண்ணியைக் கண்காணிக்க நானூறு பேர் வேண்டும்! ஏனெனில், இருப்பது கண்ணுக்குத் தெரியும்; இல்லாததைத்தான் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்!"

கைதட்டல் நீண்டது. முதல் மூன்று வரிசையினர் வாரிய ஊழியர்கள்.

அக்காள் மேடையேறினாள். முன்மாதிரி ஆட்டோடு வரவேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். எனவே அந்தப் பெட்டையும் ஏறியது. தம்பி எழுதித் தந்த காகிதம் அவள் கையில் இருந்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை. ஆட்டைத் திருப்பினாள், கூட்டத்தின் பக்கம் அதன் பின்புறம் இருக்குமாறு நிறுத்தினாள், வாலைத் தூக்கினாள்.

"உண்ணிங்க," என்றாள். "என் ஆட்டுல இருக்கு. எல்லார் ஆட்டுலயும் இருக்கு. இந்த மாசம் அஞ்சு குட்டி போச்சு. காதுல இருந்ததை நாங்கதான் பிடுங்கினோம். பிடுங்கச் சொன்னது உங்க ஆபீசரு. எங்களுக்குப் பத்திரம் வேணாம். தொட்டியில மருந்து ஊத்துங்க."

உப்பிய உண்ணி ஒன்று கழன்று விழுந்து, மேடை விரிப்பில் உருண்டு, தலைவரின் காலணிக்கருகே நின்றது. அது இப்போது நிலப் பிரிவைச் சார்ந்தது. எனவே ஒருவரும் அசையவில்லை.

தலைவர் துணை இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். "யாருய்யா இந்த அம்மா?"

திடல் முழுதும் தம்பியை நோக்கியது. அவன் ஒலிவாங்கியின் அருகே வந்தான். அவளை ஒரு முறை பார்த்தான்.

"யாரும்மா நீங்க?" என்றான்.

ஊரெல்லாம் அக்கா என்று அழைத்தவளை, அம்மா என்று மரியாதையோடு அழைத்த முதல் ஊர்க்காரன் அவன்தான்.

"இந்த ஆடு நம்ம கணக்கெடுப்புல வந்த ஆடு இல்லீங்க," என்று அவன் தொடர்ந்தான். "எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆடு. இவங்களை நான் பார்த்தது கிடையாது."

அக்காள் கூட்டத்தைப் பார்த்தாள். மயிர் கத்தரிப்பவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். பால்காரர் பந்தலின் மேற்கூரையை ஆராய்ந்தார். வாய் திறந்தால் அவருடைய மூன்று ஆடுகளும் அந்தப் பக்கத்து ஆடுகள் ஆகிவிடும். அவரைக் குறை சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அவர் நம்பிக் கெட்டது இவளை. இவள் நம்பிக் கெட்டது வேறொருவனை.

அன்று பிற்பகலே பறிமுதல் குழு அவள் பட்டிக்கு வந்தது. லாரியின் பின்கதவு இறக்கப்பட்டது. ஆயின் எழுத்தர் படிவத்தோடு திகைத்து நின்றார்.

"சார், காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. உண்ணின்னு எழுதினா மண்டலத்துல உண்ணி இருக்குன்னு ஆயிடும். எழுதலைன்னா ஆட்டைத் தொட முடியாது."

இச்சிக்கலை மூன்று அலுவலர்கள் மரநிழலில் அமர்ந்து அரைமணி நேரம் விவாதித்தனர். தலைமையகத்தைத் தொலைபேசியில் கேட்டனர். தலைமையகம் இவர்களையே திருப்பிக் கேட்டது. அக்காளுக்கு ஒரு கணம் நம்பிக்கை துளிர்த்தது. வாரியத்தின் மூடத்தனமே தன் ஆடுகளைக் காப்பாற்றிவிடும் போலிருந்தது. இறுதியில் சிக்கலை அவிழ்த்தவன் தம்பிதான். அவன் படிப்பில் என்றுமே கெட்டிக்காரன்.

"உரிமையாளர் இல்லாதவைன்னு எழுதுங்க."

எழுத்தர் வியந்து எழுதினார். உரிமையாளர், பட்டிக் கதவைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எஞ்சிய இருபத்து மூன்றும் ஒவ்வொன்றாய் ஏற்றப்பட்டன. நிற்க மாட்டாத குட்டி ஒன்றை ஓட்டுநர் கையிலேந்தி வைத்தார். வயதான மனிதர், அவர் மட்டும் அவளோடு பேசினார்.

"அழாதம்மா. எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்குன உடனே தொட்டியில முக்கி எடுத்துடுவாங்க. அங்க மருந்து இருக்கு."

"அங்க மட்டும் எப்படிங்க இருக்கு?"

"அங்க இன்னும் கணக்கெடுக்கலையே."

அக்காள் முந்தானையை இடுப்பில் செருகினாள். பின்கதவில் கால் வைத்தாள். ஏறி ஆடுகளுக்கு நடுவே நின்றாள்.

"ஏய், நீ எங்க ஏறுற?" கொத்தனார் ஓடி வந்தார்.

"ஆடு எங்க போகுதோ அங்க."

"வீடு?"

"நீங்கதான் கட்டுவீங்களே. அங்க போய் ஒண்ணு கட்டுங்க."

அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சட்டி பானையை மூட்டை கட்டிக்கிட்டு நாளைக்கு வர்றேன். அதுவரைக்கும் அங்க யாரையும் நம்பித் தொலைக்காதே," என்றார். மணவாழ்வில் முதன்முறையாக, தான் வென்ற வாதத்தை அவர் கொண்டாடவில்லை.

தம்பி லாரியின் பக்கவாட்டில் வந்து, மரச்சட்டங்களுக்கு இடையே முகத்தை நெருக்கினான். எழுத்தர் தொலைவில் இருந்தார்.

"அக்கா, இறங்கு. ஊர் பார்க்குது. உன்னை நான் அப்படி விட்டுடுவேனா? சூடு ஆறட்டும், ரெண்டு ஆடு வாங்கித் தர்றேன். இறங்கு அக்கா."

அவள் குனிந்து அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"தெரியாத பொம்பளைகிட்ட என்ன சார் கெஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க? வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

வண்டி புறப்பட்டது. எல்லைப் பலகையைக் கடந்து அரைமணி நேரத்தில் அந்தப் பக்கத்துத் தொட்டி வந்தது. பழைய தொட்டி, ஓரங்கள் சிதைந்து, பாசி படிந்து இருந்தது. அதில் மருந்து கலந்த கலங்கல் நீர் விளிம்புவரை நின்றது. இருவர் ஆடுகளை வரிசையாக இறக்கினர். ஒருவர் கவட்டைக் கோலால் ஒவ்வொரு தலையையும் நீருள் அமிழ்த்தி விட்டார். அவை திணறி, நீந்தி, மறுகரை ஏறி, உடலை உதறின. குட்டிகளை அக்காளே ஏந்தி, மூக்கைப் பொத்தி, முக்கி எடுத்தாள். நான்கும் நடுங்கின, நான்கும் மூச்சு விட்டன. கடைசிக் குட்டி கரையில் கால் ஊன்ற முயன்று விழுந்தது. மறுபடி முயன்று நின்றது.

தொட்டிக்கு அருகில் ஒரு மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் ஓர் எழுத்தர் இருந்தார். அங்கும் வாரியம் உண்டு.

"புதுசா குடியேறுறவங்களுக்கு ஒரு படிவம்," என்றார் அவர். "ஏதாச்சும் ஒண்ணுன்னா தகவல் சொல்லணும்ல? வீட்டுக்காரர்?"

"நாளைக்கு வருவாரு."

"அப்பா அம்மா?"

"இல்லீங்க."

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?"

அக்காள் ஈரக் குட்டியை மார்போடு அணைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"யாருமில்லைங்க," என்றாள்.

எழுத்தர் அந்தக் கட்டத்தில் சுழியம் இட்டார். சரிபார்க்க எவரும் வரவில்லை.